பிழை என்று ஒதுக்கப்பட்டவள்

தலைநகரில் பிள்ளைகளை வளர்த்த நம்மில் பலருக்கு அப்பு கர் நினைவிருக்கும். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானை அப்புவின் பெயரில், பிரகதி மைதானத்தில் 1984-இல் திறந்து 2008-இல் மூடப்பட்ட பூங்கா அது. பாலிகா பஜாரின் வீடியோ கேம் கடைகளை விட்டு நகர மறுத்த பிள்ளைகளையும் மறந்திருக்க மாட்டோம். "காசைக் கரியாக்குகிறாயே!" என்று கடிந்துகொண்ட தகப்பன்மார்களில் நானும் ஒருவன்.

அந்தத் திரைப் பொம்மைகளுக்கும் மனசு உண்டு என்று கற்பனை செய்த படம், வால்ட் டிஸ்னி நிறுவனம் 2012-இல் வெளியிட்ட 'ரெக்-இட் ரால்ஃப்'. இயக்கியவர் ரிச் மூர். விளையாட்டுக் கடையை இரவில் பூட்டியதும் பாத்திரங்கள் மின்கம்பி வழியே வந்து ஒன்றுகூடுகின்றன. 1980-இல் ஜப்பானில் பிறந்த பாக்-மேன் விளையாட்டின் பேயும் அவர்களில் உண்டு.

ரால்ஃப் ஒரு விளையாட்டின் வில்லன். முப்பது ஆண்டுகளாகக் கட்டடத்தை இடிப்பதே அவன் வேலை. மற்றவர்களுக்கு மாடியில் விருந்து. அவனுக்குச் செங்கல் குவியலில் படுக்கை. பதக்கம் வாங்கி வந்தாலாவது மதிப்பார்களா என்று வேறு விளையாட்டுகளுக்குள் போகிறான். அங்கே கார் பந்தயத்துக்கு ஏங்கும் வனலபி என்ற சிறுமியைச் சந்திக்கிறான். அவள் உருவம் அடிக்கடி துடித்து மறையும். 'பிழை' என்று சொல்லி அவளைப் பந்தயத்தில் சேர்க்க மறுக்கிறார்கள்.

அண்மையில் பேத்திக்காக வீட்டில் இந்தப் படத்தைப் போட்டோம். இந்தக் கட்டத்தில் என் மகன் எழுந்து வெளியே போய்விட்டான். பிறகுதான் சொன்னான்: டில்லி வந்த புதிதில், இந்தியில் ஆண்பால் பெண்பால் மாற்றிச் சொன்னதற்கு வகுப்பே சிரித்ததாம். ஓராண்டு அவன் கை தூக்கவே இல்லையாம். "அந்த கேம் மெஷின் மட்டும்தாம்ப்பா என்னைப் பார்த்துச் சிரிக்கலை" என்றான். இருபத்தைந்து ஆண்டுகளாக எனக்குத் தெரியாத செய்தி. மெஷினைத் திட்டினேனே தவிர, ஏன் அங்கே போய் நிற்கிறாய் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

படத்தில் வனலபியின் பிழையே கடைசியில் அவள் பலமாகிறது. பெட்டி பழுதாகி வீடிழந்த பாத்திரங்களை ரால்ஃப் தன் விளையாட்டிலேயே குடிவைக்கிறான். பிழைக்க வந்த ஊரில் வாழும் நமக்கு இது புரியாதா?

விடுமுறையில் குழந்தைகளோடு இந்தப் படத்தைப் பாருங்கள். முடிந்ததும், "உன் வகுப்பில் யாராவது உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்து போகாதீர்கள்.