டைரக்டருக்கு என்னைப் பிடித்திருக்கிறதாமே!

அமெரிக்காவில் மருத்துவப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். பிப்ரவரியில் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. “உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி. எங்கள் குழுவுக்கு நீங்கள் அருமையாகப் பொருந்துவீர்கள்.” அனுப்பியவர் ஒரு மருத்துவமனையின் ரெசிடென்சி புரோகிராம் டைரக்டர். பயிற்சி டாக்டர்களைத் தேர்ந்தெடுப்பது முதல் சான்றளித்து அனுப்புவது வரை அவர்தான் பொறுப்பு. தன் விருப்பப் பட்டியலில் அந்த மருத்துவமனையை அவள் இரண்டாவதாகப் போட்டிருந்தாள். இப்போது கை துறுதுறுக்கிறது. முதலிடத்துக்கு ஏற்றிவிடலாமா?

கூடாது. அதற்குக் காரணம் ஒரு கணக்கு.

1940களில் அங்கே மருத்துவமனைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு, படிப்பு முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போதே மாணவர்களை வளைத்துப்போட்டன. அந்தக் கூத்தை அடக்க 1952இல் வந்ததுதான் ‘மேட்ச்’. மாணவர்கள் ஒரு பட்டியல் தருவார்கள், மருத்துவமனைகள் ஒரு பட்டியல் தரும். பொருத்தம் பார்ப்பது பொது ஏற்பாடு. 1998 முதல் நடப்பில் இருப்பது ஆல்வின் ராத்தும் எலியட் பெரான்சனும் வடிவமைத்த முறை. 1962இல் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் எழுதிய கணிதமே இதன் வேர். ராத்துக்கும் ஷாப்லிக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

கணினி முதலில் மாணவியின் முதல் விருப்பத்தின் கதவைத் தட்டும். இடமிருந்தால் தற்காலிகமாக உட்கார வைக்கும். அந்த மருத்துவமனையின் பட்டியலில் அவளுக்கு மேலே இருப்பவர் பிறகு வந்தால், அவள் எழுந்து இரண்டாவது கதவுக்குப் போக வேண்டும். அங்கே தாமதமாக வந்ததால் நஷ்டமில்லை. ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரைவிட அந்த டைரக்டர் இவளை மேலே எழுதியிருந்தால், அவர்தான் எழ வேண்டும். ‘எங்களை முதலில் போட்டாளா, பத்தாவதாகப் போட்டாளா’ என்பது கணக்கில் ஏறுவதே இல்லை. (தம்பதியாக விண்ணப்பிப்பவர்கள் வந்தால் கணக்கு சிக்கலாகும்; அதை விடுவோம்.)

ஆக, மின்னஞ்சலை நம்பி வரிசையை மாற்றினால் லாபம் பூஜ்யம். உண்மையில் ஆசைப்பட்ட இடம் கிடைக்கவிருந்தால், அதுவும் கைநழுவும்.

இந்தக் கடிதங்களுக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘லவ் லெட்டர்’. “எங்களை எத்தனையாவதாகப் போடுவீர்கள்?” என்று டைரக்டர் கேட்பது விதிமீறல். பாராட்டி எழுதுவதற்குத் தடையில்லை. எழுதியதற்கு அவர் கட்டுப்பட்டவரும் இல்லை. மார்ச் மூன்றாம் வெள்ளியன்று முடிவு வரும்போதுதான் சிலருக்கு இது உறைக்கிறது.

அப்படியானால் டைரக்டர் யாரென்றே பார்க்க வேண்டாமா? கட்டாயம் பார்க்க வேண்டும். சராசரியாக வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வேலை வரம்பு தாளோடு நிற்கிறதா, நடப்பிலும் இருக்கிறதா என்பது பெரும்பாலும் அவர் கையில். மேற்கொண்டு ஃபெலோஷிப்புக்குப் போக அவருடைய கடிதம் வேண்டும். அவரை எனக்குப் பிடித்திருக்கிறது என்பது நியாயமான காரணம். அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்பது காரணமே அல்ல. அதை அவருடைய பட்டியல் பார்த்துக்கொள்ளும். இரண்டும் ஒரே சந்தோஷமாகத் தெரிவதுதான் சிக்கல்.

இங்கே நீட் பிஜி கலந்தாய்வில் மதிப்பெண்தான் பேசும், “யூனிட் சீஃப் எப்படி?” என்று சீனியரிடம் விசாரிப்பதோடு சரி. அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும் நம் டாக்டர்களுக்கு அதனாலேயே ஒரு டைரக்டரின் அன்பான வார்த்தை கூடுதலாகத் தித்திக்கும்.

கொரோனாவுக்குப் பிறகு பல நேர்காணல்கள் திரையிலேயே முடிந்துவிடுகின்றன. சிறிது நேரம் இனிமையாகப் பேச யாராலும் முடியும். போதாக்குறைக்கு, பொது மருத்துவத்தில் மூன்று ஆண்டு, நரம்பியல் அறுவைச் சிகிச்சையில் ஏழு ஆண்டு பயிற்சி. அதற்குள் டைரக்டரே வேறு ஊருக்குப் போய்விடலாம். டைரக்டர் இல்லாமல் ரெசிடென்ட்டுகள் மட்டும் பேசும் நேரம் ஒன்று வழக்கமாக ஒதுக்கப்படும். அங்கே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: “கடைசியாக உங்களில் ஒருவர் காய்ச்சலில் படுத்தபோது, அந்த இரவு டியூட்டியை யார் பார்த்தது, யார் ஏற்பாடு செய்தது?” வாயைத் திறப்பதற்கு முன் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்பதையும் கவனிக்கலாம்.