வண்டியின் வில்லும் வீதியின் குழியும்

நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தை ஏற்றிச்செல்ல நம் முன்னோர் வில்வண்டி பூட்டினர். அதே முன்னோர் சவாரித் திடலிலே மாடுகளை ஓடவிடும் நாளில் பாரங் குறைந்த வேறொரு வண்டியைப் பூட்டினர். சவாரி வண்டியில் மெத்தையைத் தேடுவாரும் இல்லை; பாட்டியைச் சவாரி வண்டியில் ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிச் செல்வாரும் இல்லை. இன்று வில்வண்டியின் இடத்தை மோட்டார்ச் சைக்கிள் பிடித்துக்கொண்டது. ஆனால் வண்டியின் வில்லைப் பற்றிய அந்தப் பழைய விவேகம் எங்கோ தவறிவிட்டதென்றே நாம் கருதுகிறோம். பந்தயத் தளத்து வண்டியைப் படத்திற் கண்ட இளைஞர், அதிலுள்ளது போன்ற விலையுயர்ந்த ‘சொக் அப்சோபர்’ ஒன்றைத் தம் வண்டிக்கும் பூட்டுவிக்கிறார். பூட்டிய மறுநாள் ஒழுங்கை முடக்கிலே சக்கரம் துள்ளி, வண்டி வேலியோடு போய் நிற்கிறது. சாமான் நல்ல சாமான்தான். அது செய்யப்பட்ட வேலை வேறு.

சொக் அப்சோபர் எதற்காக இருக்கிறது என்று கேட்டால், இடுப்பு நோகாமல் இருப்பதற்காக என்று விடை வரும். அதுவும் ஒரு பயன்தான். ஆனால் முதற் பயன், ரயரை நிலத்தோடு ஒட்டி வைத்திருப்பது. நிலத்தைத் தொடாத சக்கரத்துக்குப் பிறேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. பௌதிகம் பயிலும் மாணவர்கள் இதனைக் கணக்கிட்டே பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி அரை மீற்றர் அகலமுள்ள குழியை ஒரு செக்கனின் நூறில் மூன்று பங்கு நேரத்திற் கடந்துவிடும். அத்தனை சிறு பொழுதில் ஒரு பொருள் தன் பாரத்தால் மட்டும் விழக்கூடிய ஆழம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். ஆகவே வில்லில்லாத வண்டியின் சக்கரம் குழியின் அடியைத் தொடுவதேயில்லை. வெறும் வெளியிற் பறந்து மறுகரை விளிம்பில் மோதுகிறது. வில்லுள்ள வண்டியிலோ, மேலேயுள்ள முழுப் பாரத்தையும் தாங்கி அமுங்கியிருக்கும் வில், பாரங் குறைந்த சக்கரத்தைக் கீழ்நோக்கி உதைக்கிறது. சக்கரம் பல மடங்கு விரைவாய் இறங்கி நிலத்தைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. சக்கரம் எவ்வளவு பாரங் குறைந்ததோ அவ்வளவுக்கு இந்த வேலை எளிது. பந்தயக்காரர் சக்கரத்தின் எடையில் ஒவ்வொரு கிராமையும் எண்ணிக் குறைப்பது இதனாலேதான்.

வில் மட்டும் போதுமா? போதாது. அமுக்கிவிட்ட வில் ஊஞ்சலைப்போல ஆடிக்கொண்டேயிருக்கும். அந்த ஆட்டத்தைத் தணிப்பதற்கு எண்ணெய் நிரம்பிய குழாயும், சிறு துளைகளுள்ள ஆடுதண்டும் வேண்டும். துளை வழியே எண்ணெய் நெருக்குண்டு பாயும்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறுகிறது. வண்டியை நிறுத்தி, முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை ஒருமுறை பலமாக அமுக்கி விட்டுப் பாருங்கள். மேலே எழுந்து அப்படியே நின்றால் எண்ணெய் தன் கடமையைச் செய்கிறது. இரண்டு மூன்று முறை தலையாட்டினால், அந்த வண்டிக்கு வேண்டியது புதிய அலங்காரம் அன்று, புதிய எண்ணெய். எஞ்சின் எண்ணெயைத் தவறாது மாற்றுவோரிற் பலர் முன்கவைக் குழாய்களுள் எண்ணெய் இருப்பதையே எண்ணுவதில்லை. கராஜ்காரர் ‘போர்க்’ என்று சொல்லும் அந்த இரட்டைக் குழாய்களில் ஐந்தாறு வருடம் கிடந்த எண்ணெயை வடித்துப் பார்த்தால், அது மழைக்கால வாய்க்கால் நீரின் நிறத்தில் வரும்.

இந்த எண்ணெய்க் குழாய் முன்கவை உலகத்துக்கு வந்து இன்னும் நூறு வருடம் ஆகவில்லை. ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1935இல் விற்பனைக்கு விட்ட வண்டிகளில் அதனைப் பூட்டியது. பின்சக்கரத்துக்கோ நெடுங்காலம் வில்லே இல்லை. ஆசனத்தின் கீழிருந்த இரு சுருள்வில்களே ஓட்டுபவரைக் காத்தன. பின்சக்கர வில்லால் வேகம் கூடும் என்பதை ஐயந்திரிபற மெய்ப்பித்தது 1950ஆம் ஆண்டு ‘ஐல் ஒஃப் மான்’ தீவுப் பந்தயம். பெல்பாஸ்ட் நகரத்து மக்கான்ட்லெஸ் சகோதரர்கள் நோர்ட்டன் வண்டிக்கு ஒரு புதிய சட்டத்தை அமைத்து, பின்சக்கரத்தை ஊஞ்சற் கை ஒன்றிற் பொருத்தி, இருபுறமும் எண்ணெய்க் குழாயோடு கூடிய வில்களை வைத்தனர். எஞ்சின் அதே பழைய ஒற்றைச் சிலிண்டர் வகையைச் சேர்ந்ததுதான். ஆயினும் அவ்வாண்டு சீனியர் பந்தயத்திலும் ஜூனியர் பந்தயத்திலும் முதல் மூன்று இடங்களும் நோர்ட்டனுக்கே கிடைத்தன. ஓட்டிப்பார்த்த வீரரொருவர் இறகு மெத்தையில் இருப்பது போலிருக்கிறது என்று சொன்னதால், அச்சட்டத்துக்கு ‘இறகு மெத்தை’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஊஞ்சற் கையோடு கூடிய இன்னொரு வண்டி நமக்கு மிக அயலிலே பிறந்தது. இங்கிலாந்தில் 1949இல் விற்பனைக்கு வந்த ரோயல் என்ஃபீல்ட் புல்லட்டுக்குப் பின்சக்கர வில் இருந்தது. 1955இல் சென்னையில் அதனைத் தயாரிக்க நிறுவனம் அமைந்தது; பின்னர் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து புல்லட்டுகள் புறப்பட்டன. பிற்காலத்து மாற்றங்களில் இரண்டை மட்டும் குறிப்பிடுவோம். விரைவாக ஆடும்போது எண்ணெய் நுரைத்துவிடுகிறது; நுரைத்த எண்ணெய் எதிர்ப்புத் தராது. பிரான்ஸ் தேசத்து டி கார்பன் என்னும் பொறியியலாளர் 1953இல் அழுத்தமுள்ள வாயுவை எண்ணெயோடு சேர்த்து அடைத்து அந்நோய்க்கு மருந்து கண்டார். 1970களின் தொடக்கத்தில் பெல்ஜியத்து டில்கென்ஸ் என்பார் இரு வில்லுக்குப் பதிலாக ஒற்றை வில்லை நடுவில் வைக்கும் முறையை வகுத்தார். யமஹா நிறுவனம் அதனை வாங்கி 1973இல் சேற்றுநிலப் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்றது. இன்று நம் ஊர் வீதிகளில் ஓடும் ஒற்றை வில் வண்டிகளுக்கெல்லாம் மூதாதை அதுவே.

இனி நம் குடாநாட்டுக்கு வருவோம். 1990களின் முற்பகுதியில் பெற்றோல் இல்லாதபோது, சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. ஹொண்டா ஐம்பதும், ஜப்பானியத் தபாற்காரருக்கென்று செய்யப்பட்ட எம்.டி. 90உம் அரிசி மூட்டையையும் ஆட்களையும் ஒருங்கே சுமந்தன. அந்த நெருக்கடியில் எஞ்சினைப் பற்றி நம் கராஜ்காரர் பெற்ற அறிவு வேறெங்கும் எளிதிற் கிடையாது. ஆனால் வில்லைப் பற்றி எண்ண அன்று எவருக்கும் அவசியம் நேரவில்லை. வீதிகள் குண்டுங் குழியுமாய் இருந்தன. எவரும் வேகமாய் ஓடவில்லை. ஹொண்டா ஐம்பதில் முன் பிறேக்கைப் பிடித்தால் மூக்கு அமுங்காமல் மேலெழும்புவதைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. சக்கரத்தை ஒரு குறுங்கையிற் பொருத்திய பழைய முறையின் விளைவு அது. அந்த வேகத்தில் அதனால் ஒரு தீங்கும் இல்லை.

2009க்குப் பின் நிலைமை தலைகீழாயிற்று. ஏ-9 வீதியும் காங்கேசன்துறை வீதியும் ஏனைய பெருவீதிகளும் ‘காப்பெற்’ வீதிகளாயின. வீதி பந்தயத் தளம்போல் வழுவழுத்தது, ஓட்டம் விரைந்தது. ஆனால் பெருவீதியிலிருந்து திரும்பி நூறு யார் சென்றால் அதே பழைய ஒழுங்கை, அதே மதகு, அதே கிடங்கு, முடக்கிலே அதே மணல். ஒரே பயணத்தில், சில வேளை ஒரே நிமிடத்தில், தளத்தையும் காட்டுவழியையும் சந்திக்கும் வண்டி நம்முடையது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டதால், பழைய வண்டியைப் புதுக்கி ஓட்டும் தேவையும் வளர்ந்தது. இவையிரண்டும் சேர்ந்தே வில்லைத் திருத்தும் ஆசையை நம் இளைஞரிடம் மூட்டியிருக்கின்றன. ஆசை தவறன்று.

பந்தயத் தளம் எத்தன்மையது? இலங்கையில் களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தைத் தளமும், சென்னைக்கு அண்மையிலிருந்த சோழவரம் தளமும் உலக யுத்த காலத்து விமான ஓடுபாதைகள். சோழவரத்தின் பின் எழுந்த இருங்காட்டுக்கோட்டைத் தளம் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்டது. ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீற்றர். அங்கே குழி இல்லை, ஆடு மாடு குறுக்கே வராது, எதிரே பேருந்து இல்லை. இருப்பவை மிகக் கடுமையான பிறேக்கும் மிகக் கடுமையான சரிவும். நேர்ப்பாதையின் முடிவில் பிறேக்கைப் பிடித்ததும் பாரமெல்லாம் முன்சக்கரத்தில் விழுகிறது. வில் மெதுவானால் முன்கவை அடிவரை அமுங்கிப்போய், வளைவில் வரும் சிறு மேட்டை விழுங்க இடமின்றிச் சக்கரம் வழுக்குகிறது. ஆகவே தளத்து வண்டிக்கு வன்மையான வில்லும் இறுக்கமான எண்ணெய்த் தடையும் வைக்கிறார்கள். அதே வண்டியை நம் சரளைக்கல் ஒழுங்கையில் விட்டால், மணற்றிட்டில் அலை வரி விழுந்ததுபோல் கிடக்கும் மேடு பள்ளங்களில் சக்கரம் இறங்கி ஏற நேரம் போதாது. ஒரு மேட்டில் அமுங்கிய வில் நிமிருமுன் அடுத்த மேடு வந்துவிடும். வண்டி படிப்படியாய்த் தாழ்ந்து கல்லாய் இறுகிவிடும்.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது யாது? முதலில் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொள்க. வண்டியை நடுத் தாங்கியில் ஏற்றிப் பின்சக்கரத்தைத் தொங்கவிட்டு, அச்சிலிருந்து நேர் மேலே ஆசனத்துக் கீழ் விளிம்பு வரை அளந்து எழுதுக. பின் தாங்கியிலிருந்து இறக்கி, வழக்கமாக ஓட்டுபவர் ஏறியிருக்க, மற்றொருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, மீண்டும் அளக்க. இரண்டின் வித்தியாசமே வில் அமுங்கும் அளவு. சக்கரம் முழுவதும் அசையக்கூடிய தூரத்தில் வீதிக்கு மூன்றில் ஒரு பங்கும் தளத்துக்கு நான்கில் ஒரு பங்கும் அமுங்குதல் பொதுவாக ஏற்ற அளவு. 120 மில்லிமீற்றர் அசையும் முன்சக்கரமாயின் வீதிக்கு 40, தளத்துக்கு 30 என்று கொள்ளலாம். பெரும்பாலான சாதாரண வண்டிகளின் பின் வில்லின் அடியிலே ஐந்து படிகள் கொண்ட வளையம் ஒன்று உண்டு. அதனைத் திருப்பி இவ்வளவுக்குக் கொண்டுவரலாம். காசு செலவில்லாத திருத்தம் இதுவே. இதைச் செய்தவர்களை நாம் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வளையத்தை இறுக்கினால் வில் வன்மையாகிறது என்று பலரும் நம்புகின்றனர். 1678இல் ரொபர்ட் ஹூக் வெளியிட்ட விதியைப் படித்த மாணவர் இதற்கு உடன்படக்கூடாது. ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிமீற்றர் அமுங்கும் வில்லில் 80 கிலோ வைத்தால் 80 மில்லிமீற்றர் இறங்கும். அதனை முன்கூட்டியே 20 மில்லிமீற்றர் இறுக்கி வைத்தால் 60 மட்டுமே இறங்கும். ஆனால் அதன்மேல் இன்னும் 10 கிலோ வைத்துப் பாருங்கள்: இரண்டு நிலையிலும் மேலும் 10 மில்லிமீற்றர்தான். இறுக்கம் வண்டியின் உயரத்தை மாற்றியது. வில்லின் இயல்பை மாற்றவில்லை. இயல்பை மாற்ற வேண்டுமாயின் வில்லையே மாற்றவேண்டும். 55 கிலோ எடையுள்ள மாணவரும், மனைவியையும் பிள்ளையையும் ஏற்றி 25 கிலோ அரிசியும் கட்டிவரும் குடும்பத் தலைவரும் ஒரே வில்லில் ஓடுவது எங்ஙனம் பொருந்தும்? பணம் செலவிட எண்ணுவோர் தம் பாரத்துக்கு ஏற்ற வில்லில் முதலில் செலவிடுக.

அடுத்தது எண்ணெய். மூக்கு அமுங்குவதைத் தடுக்கத் தடித்த எண்ணெயை ஊற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. சாதாரண முன்கவையில் எண்ணெய் வெறுந் துளை வழியே பாய்வதால், ஆடுதண்டின் வேகம் இருமடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. பிறேக் பிடிக்கையில் கவை மெதுவாகவே அமுங்குகிறது; தடித்த எண்ணெய் அங்கே சிறிதே உதவும். கிடங்கில் விழும்போதோ கவை மிக விரைவாக அமுங்க வேண்டியிருக்கிறது. அங்கே தடித்த எண்ணெய் சுவராய் நின்று கையை உதறவைக்கும். உயர்ந்த வகைச் சொக் அப்சோபரில் துளைகளை மூடி மெல்லிய உருக்குத் தகடுகள் உள்ளன. மெதுவான அசைவுக்கு அவை இறுகியும், வேகமான அடிக்கு வளைந்து திறந்தும் கொடுக்கின்றன. அதன் விலையில் நியாயமான பகுதி இந்தத் தகடுகளுக்கு உரியது. வெளியே மினுங்கும் பொன்னிறத்துக்கு அன்று.

சுருள்வில்லை அறுத்துக் குறுக்கும் வழக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. பத்துச் சுற்றில் இரண்டை அறுத்தால் மீதமுள்ள வில் கால் பங்கு வன்மையாவதோடு, அமுங்கும் தூரமும் குறைந்துவிடும். பின்புறத்தை மாத்திரம் உயர்த்தும் நாகரிகம் மற்றொன்று. வால் உயர்ந்தால் முன்கவை செங்குத்தாகி, வண்டி தொட்டவுடன் திரும்பும். தளத்து வளைவில் அது நன்று. ஏ-9 வீதியில் ஆனையிறவு வெளிக் காற்றிலே கைப்பிடி தானாக உதறத் தொடங்கும்போதுதான் அதன் மறுபக்கம் தெரியும்.

பண்ணைத் தாம்போதியாலும் காரைநகர்ப் பாலத்தாலும் நாள்தோறும் போய்வருவோர்க்கு ஒன்று சொல்லவேண்டும். கடற்காற்றின் உப்பு முன்கவையின் பளபளப்பான குழாயைப் பொட்டுப் பொட்டாய் அரிக்கும். அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் எண்ணெய் கசியாது காக்கும் இறப்பர் வளையத்தை அரத்தைப்போல் அறுக்கும். கசிந்த எண்ணெய் குழாய் வழியே இறங்கிப் பிறேக்கில் படிவதும் உண்டு. மாலையில் வீடு திரும்பியதும் ஒரு வாளி நல்ல தண்ணீரால் கழுவி, ஈரத் துணியால் அக்குழாய்களைத் துடைத்துவிட இரண்டு நிமிடம் போதும். செம்பாட்டுப் புழுதி படிந்திருந்தால் துடைக்குமுன் நீரூற்றிக் கரைத்துவிடுக. உலர்ந்த புழுதியைத் துணியால் தேய்த்தால் அதுவே குழாயைக் கீறிவிடும்.