அளவு சரிதான், அளந்த விதம்?

நிவாரண வரிசையில் நின்ற நாட்களை எமது வாசகர்களில் எவரும் மறந்திருக்க முடியாது. 1990களில் மடுவில் நின்றவர்கள் இருக்கிறீர்கள். 2009இல் செட்டிகுளத்தில் நின்றவர்கள் இருக்கிறீர்கள். இரண்டிலும் நின்றவர்களும் இருக்கிறீர்கள். அத்தகைய ஒரு முகாமில், வரிசையின் ஓரத்தில் நின்று பணிபுரிந்த வேளையில் நாம் கண்ட ஒன்றிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம்.

ஒரு நாள் லொறி பாதிச் சுமையுடன்தான் வந்தது. எல்லாக் குடும்பத்துக்கும் பாதிப் பங்கு என்று அறிவித்தார்கள். முணுமுணுப்பு இருந்தது, ஆனால் சண்டை வரவில்லை. வாங்கிக்கொண்டு போனார்கள். சில நாட்கள் கழித்து முழுச் சுமையும் வந்தது. அன்றுதான் சண்டை மூண்டது. மா அளந்தவர் சிலருக்குக் கொத்தின் வாயில் தடியை இழுத்துத் தலைதட்டி அளந்தார். தெரிந்தவர்களுக்குத் தடியை இழுக்காமல் கும்பாரமாகப் போட்டார். வித்தியாசம் ஒரு கைப்பிடி மா. "ஒரு கைப்பிடி மாவுக்கா இவ்வளவு சத்தம்?" என்று அங்கிருந்த அலுவலர் ஒருவர் கேட்டார். வரிசையில் நின்ற வயோதிபக் கமக்காரர் ஒருவர் சொன்ன பதில் இன்றும் எமது காதில் நிற்கிறது. "ஐயா, அந்தக் கைப்பிடி எனக்கு வேண்டாம். இழுக்கிற தடியை எல்லாருக்கும் இழுங்கோ."

பாதிப் பங்கைப் பொறுத்த மக்கள், முழுப் பங்கு கிடைத்த நாளில் ஏன் பொங்கினார்கள்? "எங்கட சனம் பொறாமை பிடிச்ச சனம்" என்று சிலர் இலகுவாகச் சொல்லிவிடுவார்கள். நாம் அதை ஏற்பதில்லை. 2003இல் சாரா புரொஸ்னன், பிரான்ஸ் டி வால் என்னும் இரு ஆய்வாளர்கள் குரங்குகளிடம் ஒரு பரிசோதனை செய்தனர். கல்லைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு வெள்ளரித் துண்டு கூலி. அந்தக் கூலிக்குக் குரங்குகள் மகிழ்ச்சியாக வேலை செய்தன. அதே வேலைக்குப் பக்கத்துக் குரங்குக்குத் திராட்சைப்பழம் கொடுப்பதைக் கண்டதும் பல குரங்குகள் வெள்ளரியை வாங்க மறுத்தன. சில அதை வீசி எறிந்தன. வெள்ளரியின் சுவை குறைந்துவிடவில்லை. குரங்குக்கே இது புரியுமென்றால், ஆண்டுக்கணக்கில் நெல் அளந்த கமக்காரனுக்குப் புரியாதா?

ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு கொடுத்தால் அது நீதியாகிவிடும் என்றும் எண்ணிவிட வேண்டாம். இங்கேதான் விடயம் சிக்கலாகிறது. கைக்குழந்தையோடு நிற்கும் விதவைக்கும், உழைக்கக்கூடிய மூன்று ஆண்கள் உள்ள வீட்டுக்கும் ஒரே தறப்பாள், ஒரே மண்வெட்டி என்றால் மக்களே முகம் சுளிப்பார்கள். சமபங்கு ஒரு நீதி. தேவைக்கேற்ற பங்கு இன்னொரு நீதி. உழைப்புக்கேற்ற பங்கு மூன்றாவது. ஒரே மனிதன் ஒரே நாளில் மூன்றையும் பேசுவான்: நிவாரண வரிசையில் சமபங்கு கேட்பவன், மகளுக்கு வருத்தம் என்றால் தேவையைச் சொல்வான், வயலுக்குப் போனால் உழைப்பைச் சொல்வான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமையை நீங்கள் அறிவீர்கள். விடியற்காலையில் வந்தவனுக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. இந்த உவமையைக் கிராமத்தில் விளக்குவது குருமாருக்குச் சங்கடமான வேலை என்பதை மறைக்காமல் சொல்கின்றோம். நாள்முழுதும் அருவி வெட்டிய பெண்கள் "அது சரியில்லைச் சாமி" என்று நேரே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒருமுறை, சந்தியில் கூலிக்காகக் காத்து நின்று, யாரும் கூப்பிடாமல் வெறுங்கையோடு திரும்பிய அனுபவமுள்ள ஒருவர் எழும்பி, "மத்தியானம் வரைக்கும் ஒருத்தரும் கூப்பிடாமல் நிக்கிறது வேலை செய்யிறதைவிடக் கஷ்டம்" என்றார். அருவி வெட்டிய பெண்கள் சிறிது நேரம் பேசவில்லை. அன்று எமது பிரசங்கத்துக்குத் தேவை இருக்கவில்லை.

பங்கீட்டு முறை வாழும் முறையிலிருந்து பிறக்கிறது என்பதற்கு இந்தோனேசியாவின் லெம்பாத்தா தீவிலுள்ள லாமலேரா என்னும் ஊர் ஒரு சான்று. எம்மைப் போலவே கத்தோலிக்க மக்கள். பாய்மரப் படகுகளில் சென்று திமிங்கிலம் வேட்டையாடிவந்தவர்கள். ஈட்டி எறிபவருக்கு இந்தப் பாகம், படகு செய்த தச்சருக்கு இந்தப் பாகம், பாய் தைத்தவருக்கு இந்தப் பாகம் என்று இறைச்சியைப் பங்கிடும் விதி அங்கே உண்டு. உலகின் பதினைந்து சிறிய சமூகங்களில் ஆய்வாளர்கள் ஒரு பங்கீட்டு விளையாட்டை நடத்தி, அதன் முடிவுகளை 2001இல் வெளியிட்டனர். ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து, முகம் தெரியாத மற்றவருக்கு எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்பார்கள். மற்றவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. லாமலேரா மக்கள் சராசரியாகப் பாதிக்கும் மேலாகக் கொடுக்க முன்வந்தார்கள். பெரு நாட்டுக் காட்டில் குடும்பம் குடும்பமாகத் தனித்து வாழும் மச்சிகெங்கா மக்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒரே படகில் ஏறித்தான் பிழைக்க வேண்டும் என்ற தேவை அவர்களுக்கு இல்லை.

எமது படகு குளம். வரட்சி ஆண்டில், குளத்தில் நீர் காற்பங்குதான் என்று தெரிந்தால், உலர்வலயக் கமக்காரர் என்ன செய்துவந்தார்கள்? துருசுக்குக் கிட்டிய வயலை மட்டும் விதைப்பது, அந்த வயலின் சொந்தக்காரர் மட்டுமல்லாது குளத்தின் கீழ் பங்குள்ள எல்லாரும் அதை அந்தப் போகத்துக்கு மட்டும் பிரித்துச் செய்வது. சிங்களக் கிராமங்களில் இதனைப் பெத்ம என்பர். எமது பகுதிகளின் பெரிய குளங்களிலும் சிறுபோகம் இவ்வாறு பங்கு பிரித்தே செய்யப்பட்டு வருகிறது. இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். மேல் வயல்காரர் தமது காணியை ஒரு போகத்துக்கு விட்டுக்கொடுக்கிறார்; கடைக்கோடி வயல்காரர் வாய்க்கால் நீளத்துக்கு நீரை இழுத்து வீணாக்காமல் மேலே வந்து செய்கிறார். நீரும் மிஞ்சுகிறது, பகையும் மிஞ்சாது.

எனினும் கூட்டத்தில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. விதைப்புத் திகதி, துருசு திறக்கும் திகதி, மாடு கட்டும் திகதி, யாருக்கு எத்தனை ஏக்கர் என்பன எல்லார் முன்னிலையிலும் தீர்மானிக்கப்பட்டால் கால் ஏக்கர் கிடைத்தவரும் ஏற்றுக்கொள்கிறார். கூட்டத்துக்கு முன்பே இரண்டு மூன்று பேர் பெயர்ப்பட்டியலை எழுதி முடித்துக்கொண்டு வந்தால் அரை ஏக்கர் கிடைத்தவரும் கோபிக்கிறார். சிக்காக்கோ நகரில் பொலிசாரிடமும் நீதிமன்றத்திடமும் போய்வந்த மக்களிடம் விசாரித்து, ரொம் டைலர் என்பவர் 1990இல் நூலொன்று எழுதினார். வென்றோமா தோற்றோமா என்பதைவிட, எமது பக்கத்தைக் கேட்டார்களா, மரியாதையாக நடத்தினார்களா என்பதைக் கொண்டே அம்மக்கள் பெருமளவில் தீர்ப்புச் சொன்னார்கள் என்று அவர் கண்டார். எமது வயல் கூட்டங்களில் பெண்கள் பின்வரிசையில் இருந்து பேசாமலே எழும்பிப் போவதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். கணவரை இழந்து தாமே வயல் செய்யும் பெண்கள் இவ்வளவு பேர் உள்ள பிரதேசத்தில், அவர்களைக் கேளாமல் பிரித்த பங்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அவர்களுக்குச் சரியாகப் படாது.

இனி, எல்லாவற்றிலும் கடினமான காணி விடயம். 1990இல் கடல்கடந்து போன குடும்பம் ஒன்று 2009இற்குப் பின் திரும்பி வந்தது. அவர்களது இரண்டு ஏக்கரில், வேறோர் இடத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம் பல ஆண்டுகளாகப் பயிர்செய்துகொண்டிருந்தது. ஒருவர் கையில் உறுதி. மற்றவர் கையில் காய்ப்பு. காடு வெட்டி, வரம்பு கட்டி, கிணறு இறைத்த காய்ப்பு. தனியார் காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றி எதிரிடையாக ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது எமது நாட்டின் பழைய சட்டம். யுத்தத்தினால் காணிக்குத் திரும்ப முடியாது போனவர்களுக்கு இது அநீதி என்பதனால், குறிப்பிட்ட காலத்துக்குள் வழக்குத் தொடுப்போருக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அதில் கவனத்திற் கொள்ளப்பட்டது. சட்டம் உறுதிக்காரர் பக்கம் நின்றது நியாயமே. ஆனால் காய்ப்பைப் பற்றி அது பேசவில்லை.

இந்தக் குடும்பங்கள் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. கோயில் வளவில் வேப்பமரத்தின் கீழ் மூன்று பின்னேரங்கள் இருந்து பேசினார்கள். முதல் நாள் கத்தினார்கள். இரண்டாம் நாள், பயிர்செய்த வீட்டு அம்மா எந்தெந்த மரத்தை எந்த ஆண்டில் தறித்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். உறுதிக்காரர் இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், காணி உரியவருக்கு. வந்த காலபோகமும் அடுத்த சிறுபோகமும் செய்தவருக்கு. கிணறு கட்டிய செலவு இரண்டு தவணையில் திருப்பப்படும் என்று முடிவாகியது. அந்த அம்மாவுக்கு இதில் நட்டம் என்றுதான் நாம் கணக்குப் பார்த்தோம். அதை அவரிடமே சொன்னோம்.

"நட்டம்தான் சாமி," என்றார். "ஆனால் மூண்டு நாளும் ஒருத்தரும் எங்களைக் காணி பிடிச்ச ஆக்கள் எண்டு சொல்லேல்லை. அக்கா எண்டுதான் கூப்பிட்டவை."

இரண்டாம் தவணைப் பணம் பிந்தித்தான் வந்தது. நெல்லு விலை விழுந்த ஆண்டு அது. அந்த அம்மாவின் குடும்பத்துக்குச் சொந்த ஊரில் இருந்த காணி அப்போதும் விடுவிக்கப்படவில்லை. இன்றும் தமது காணிக்குத் திரும்ப முடியாதிருக்கும் குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. அவர்கள் எந்த மரத்தின் கீழ், யாரோடு இருந்து பேசுவது?