குழந்தையின் பார்வையை அளத்தல்

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியைச் சேர்ந்த தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களிலும், வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் கேட்டு வளரும் குழந்தைகள் பலர் உளர். இவர்களுள் ஒரு குழந்தை பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமல், வயதுக்கேற்பப் பேசாமல் இருக்குமாயின், அதனை இரு மொழிக் குழப்பம் எனக் கருதி விட்டுவிடுதல் எளிது. ஆட்டிசம் இரு மொழிகளால் விளைவதன்று.

வினாக்கள் கேட்டு ஆராய்வதற்குத் தாய்க்கும் கேட்பவருக்கும் பொதுமொழி வேண்டும். பார்வையை அளப்பதற்கு அது வேண்டுவதில்லை. தாயின் மடியிலிருந்து குழந்தை திரையை நோக்கும்போது, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளி அதன் விழியில் பட்டு ஒரு புள்ளியாகப் பிரதிபலிக்கும். அப்புள்ளிக்கும் கண்பாவையின் நடுவுக்கும் உள்ள தொலைவைக் காமிரா வினாடிதோறும் பன்முறை பதிவு செய்ய, குழந்தை எதனை எவ்வளவு நேரம் நோக்கியது என்பது கணக்கிடப்படும்.

அமெரிக்காவில் ஸான்டியாகோவிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில், காரென் பியர்ஸ் குழுவினர் 12 முதல் 48 மாத வயதுடைய 1,863 குழந்தைகளை இவ்வாறு ஆராய்ந்து, 2022-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். திரையின் ஒரு பாதியில் சிறுவர்கள் ஆடி அசைவர். மறுபாதியில் வடிவகணித உருவங்கள் அசையும். பார்த்த நேரத்தில் 69 சதவிகிதத்திற்கு மேல் உருவங்களையே நோக்கிய குழந்தையை இச்சோதனை சுட்டிக்காட்டும். ஆட்டிசம் இல்லாதவர்களுள் நூற்றுக்கு 98 பேரை அது சரியாக விலக்கியது. ஆட்டிசம் உடையவர்களுள் நூற்றுக்கு 17 பேரையே கண்டுகொண்டது.

இவ்விரு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1,000 குழந்தைகளுள் 10 பேருக்கு ஆட்டிசம் உண்டு எனக் கொள்க. சோதனை அப்பத்துப் பேருள் ஏறத்தாழ 2 பேரைக் காட்டும்; எஞ்சிய 990 பேருள் ஏறத்தாழ 20 பேரைத் தவறாகக் காட்டும். ஆகையால் சுட்டப்பட்ட குழந்தைக்கெல்லாம் ஆட்டிசம் என்று முத்திரையிடுதல் தகாது. சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்று தாயைத் தேற்றி அனுப்புவதோ அதனினும் தீது. தவறவிடப்பட்ட எண்மர் அவ்வாறு அனுப்பப்பட்டவர்களே.

பார்வையை மட்டும் நம்பாமல் வேறு சான்றுகளையும் சேர்க்கும் முயற்சி தில்லியில் நடைபெற்றுள்ளது. 2023-இல் வெளியான அவ்வாராய்ச்சியில், நிபுணரல்லாத சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, 2 முதல் 7 வயதுடைய 131 குழந்தைகளை டேப்லெட் கருவியால் பரிசோதித்தனர். பார்வைப் பதிவோடு விரலால் தொட்டாடும் விளையாட்டுகளும், பெற்றோருக்கான வினாக்களும் அதில் அடங்கியிருந்தன. மலைத்தோட்டப் பகுதிகளுக்கு இவ்வழியே ஏற்றதாகத் தோன்றுகிறது.

கருவி வரும்வரை காத்திருத்தல் வேண்டா. ஐயத்திற்குரிய குழந்தையை மாவட்ட ஆரம்பநிலைத் தலையீட்டு மையத்திற்கு அனுப்பும் பணியாளர், குழந்தை வீட்டில் கேட்கும் மொழி எது என்பதை அனுப்புச் சீட்டிலேயே குறித்தல் நலம்.