கட்டிலருகே இருக்கும் எரிசாராயம்

நோயாளியின் கட்டிலருகே வைத்திருக்கும் கைத்தூய்மைத் திரவத்தைப் பலர் வெறும் மருந்துத் தண்ணீராகவே கருதுகின்றனர். அதில் பெரும்பாலும் இருப்பது எத்தனால். தமிழில் அதனை எரிசாராயம் என்பர். எச்சரிக்கை அந்தப் பெயரிலேயே உள்ளது.

எத்தனால் மூலக்கூற்றில் இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. அதன் ஒரு முனை தண்ணீரோடும், மறுமுனை கொழுப்போடும் சேரும். அதனால் பல கிருமிகளின் கொழுப்புறையைக் குலைத்து, புரதங்களையும் சிதைக்கிறது. புரதம் சிதையத் தண்ணீரும் தேவை. ஆகவே தூய எத்தனாலைவிட 60 முதல் 80 சதவீதக் கலவை நன்கு செயல்படும்.

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். எத்தனால் 78 டிகிரியிலேயே கொதிக்கும். விரைவாக ஆவியாவதால்தான் கை சில்லிடுகிறது. அந்த ஆவியே தீப்பற்றுவது. 70 சதவீதக் கலவை ஏறத்தாழ 17 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியை வெளியிடும். விருதுநகரிலும் சிவகாசியிலும் மார்கழி விடியற்காலை கூடப் பெரும்பாலும் இதைவிட வெப்பமானது. ஆவி காற்றைவிடக் கனமானது. தாழப் படர்ந்து விளக்கை எட்டக்கூடும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குச் சரியாகப் புலப்படாது.

பட்டாசு ஆலைக்குள் தீப்பெட்டி கொண்டு செல்லாத நம் மக்களுக்கு இக்கவனம் புதிதன்று. அதே கவனம் வீட்டிலும் வேண்டும். திரவம் தடவிய கைகள் முழுவதும் உலர்ந்த பின்னரே அடுப்பையோ விளக்கையோ அணுகுங்கள். ஆக்சிஜன் பெறும் நோயாளியைத் தொடுவதற்கு முன்பும் அவ்வாறே கை உலர வேண்டும். புட்டியை வெயிலிலும் பூசையறையிலும் வைக்காதீர்கள்.

ஆலையிலிருந்து நேராக நோயாளியைக் காண வருவோர் கவனிக்க: இத்திரவம் கிருமியைக் கொல்லும், கையில் படிந்த பட்டாசு மருந்தை அகற்றாது. உடை மாற்றி, சோப்பும் நிறைய தண்ணீரும் கொண்டு கைகளைக் கழுவிய பின்னரே வாருங்கள்.

இத்திரவத்தை ஒருபோதும் குடிக்கலாகாது. எத்தனாலைவிட ஒரு கார்பன் அணு குறைந்த மெத்தனால், சில தரமற்ற திரவங்களில் கலந்திருக்கக்கூடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் தோன்றலாம். எனவே குழந்தையோ பெரியவரோ தவறிக் குடித்துவிட்டால், காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

தீப்புண் ஏற்பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். மையோ பற்பசையோ ஸ்பிரிட்டோ தடவ வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.