கொள்ளிட மணலில் அடுப்பு மூட்டுகிறவர்களுக்கு

கோடையில் கொள்ளிடம் வற்றினால் திருக்காட்டுப்பள்ளி வட்டார இளவட்டங்களுக்கு மணல்திட்டுதான் ஊட்டி. அண்டா, கறிக்கோழி, பாய் சகிதம் போய் இரவு அங்கேயே படுத்துவிடுகிறார்கள். கோழிக்குடலை மடுவில் வீசுவது, பிறகு அதே மடுவில் குளிப்பது. ஆறு சுருங்கும்போது முதலையும் மடுவைத் தேடித்தான் வரும் என்றால், "அது அணைக்கரைப் பக்கம்ண்ணே, இங்க ஏது?" என்று சிரிப்பு. ஆற்றுக்கு நடுவில் வேலியா போட்டிருக்கிறது?

நன்னீர் முதலை பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை கரை மணலில் குழிபறித்து முட்டையிடும். தாய் அருகிலேயே காவல் இருக்கும். கரையில் வயிறு இழுபட்ட தடம் தெரிந்தால் பாயைச் சுருட்டுங்கள். இருட்டில் தண்ணீரில் இறங்காதீர்கள். குடலை மடுவில் போடாதீர்கள். கல்லெறிவதும் சுருக்கு வைப்பதும் வீரமல்ல. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பிராணி அது, சிறை நிச்சயம்.

கடிபட்டால் சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து 108-ஐ அழையுங்கள். மஞ்சளும் காப்பித்தூளும் வேண்டாம். முடிந்தவரை அரசு மருத்துவமனைக்கே போங்கள். விபத்துப் பதிவேட்டில் 'முதலை கடித்தது' என்று எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். 'ஆற்றில் விழுந்து காயம்' என்று அவசரத்தில் எழுதிவிட்டால் நிவாரணம் அங்கேயே முடிந்தது.

உயிர் போயிருந்தால் இதைவிடக் கவனம் வேண்டும். அழுகையோடு அழுகையாக அன்றே எரித்துவிடும் குடும்பங்கள்தான் அதிகம். பிரேதப் பரிசோதனை இல்லாமல் தகனம் செய்யாதீர்கள். வன உயிரினத் தாக்குதலில் இறந்தவர் குடும்பத்துக்கான நிதியைத் தமிழக அரசு 2024-ல் 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அதற்குக் காவல்நிலைய முதல் தகவல் அறிக்கை, பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, பூதலூர் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, வாரிசின் வங்கிப் புத்தக நகல் எல்லாம் கையில் இருக்கட்டும். வனச்சரக அலுவலருக்கு அன்றைக்கே சொல்லி, அவர் இடத்தைப் பார்க்கும்வரை தடத்தை மிதிக்காதீர்கள். மனு தஞ்சாவூர் மாவட்ட வன அலுவலருக்கு.

வடகரை என்றால் அரியலூரோ திருச்சியோ ஆகிவிடும். "எங்க எல்லை இல்ல" என்று இரு பக்கமும் கைகழுவ இந்த ஆறு தோதானது. கிராம நிர்வாக அலுவலரிடம் சம்பவ இடத்தை எழுத்தில் வாங்குங்கள். மறுபடியும் சொல்கிறேன்: பிரேதப் பரிசோதனை இல்லாமல் தகனம் வேண்டாம். கோப்பு நகராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனு எண் போட்ட ரசீது வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.