பரோக் கருவியும் மின்னொலியும்: மஹான் எஸ்ஃபஹானியின் ஹார்ப்சிகார்டு இசைப்பணி

ஆய்வுச் சுருக்கம்

ஹார்ப்சிகார்டு பரோக் காலத்திற்கு உரிய கருவி என்னும் கருத்து இசை உலகில் வேரூன்றியுள்ளது. ஈரானில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மஹான் எஸ்ஃபஹானி அக்கருவியில் பாஹ் முதலியோரின் படைப்புகளோடு, மின்னொலியுடன் இணைந்த தற்காலப் படைப்புகளையும் இசைத்து வருகிறார். அவருடைய இரு இசைத்தொகுப்புகளையும் 2016ஆம் ஆண்டு கொலோன் நகர நிகழ்ச்சியையும் முன்வைத்து, பரோக் இசை, மின்னொலி, பண்பாட்டிடைப் பரிமாற்றம் ஆகிய மூன்றும் சந்திக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பரோக் இசை, ஹார்ப்சிகார்டு, மின்னொலி, ஸ்டீவ் ரைக், பண்பாட்டிடை நிகழ்த்துகை

முன்னுரை

ஐரோப்பிய இசை வரலாற்றில் ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான காலம் பரோக் காலம் எனப்படும். அக்காலத்தின் தலையாய விசைப்பலகைக் கருவிகளுள் ஒன்று ஹார்ப்சிகார்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பியானோ அதன் இடத்தைப் பிடித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாண்டா லாண்டோவ்ஸ்கா என்னும் போலந்து நாட்டுக் கலைஞர் அதனை மீண்டும் அரங்கேற்றினார். அம்மீட்சி இரு திசைகளில் வளர்ந்தது. ஒன்று, பழைய படைப்புகளை அவை தோன்றிய காலத்து முறைப்படியே இசைக்கும் நெறி. மற்றொன்று, அக்கருவிக்குப் புதிய படைப்புகளை எழுதச் செய்யும் நெறி. லாண்டோவ்ஸ்காவுக்காக மனுவேல் டி ஃபாயா, பிரான்சிஸ் பூலான்க் ஆகியோர் 1920களில் எழுதிய படைப்புகள் இரண்டாம் நெறிக்குச் சான்றாகும். இவ்விரு நெறிகளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை எஸ்ஃபஹானியின் இசைப்பணி காட்டுகிறது.

கருவியின் இயல்பு

மின்னொலியுடன் ஹார்ப்சிகார்டு எவ்வாறு பொருந்துகிறது என்பதை அறிய அதன் அமைப்பை அறிதல் வேண்டும். பியானோவில் விசையை அழுத்தினால் சுத்தியல் தந்தியை அடிக்கும். ஹார்ப்சிகார்டில் விசையின் மறுமுனையில் நிற்கும் மெல்லிய மரத்துண்டு மேலெழ, அதில் பொருத்தப்பட்ட சிறு முள் தந்தியை மீட்டும். முற்காலத்தில் அம்முள் பறவை இறகின் தண்டால் செய்யப்பட்டது.

இவ்வமைப்பால் மூன்று விளைவுகள் தோன்றுகின்றன. விசையை வன்மையாக அழுத்தினாலும் மென்மையாக அழுத்தினாலும் ஒலியின் அளவு பெரிதும் மாறுவதில்லை. ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் கூர்மையாகக் கேட்கும். கார்வை நீடிக்காமல் ஒலி விரைவில் தேயும். எனவே ஹார்ப்சிகார்டு கலைஞர் உணர்ச்சியை ஒலியளவால் காட்டாமல் காலத்தால் காட்டுகிறார். ஒரு சுரத்தைச் சற்றே தாமதித்துத் தொடங்குதல், ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு சுரங்களை நீட்டிப் பிடித்தல், அணிச்சுரங்களைச் சேர்த்தல் ஆகியன அவருக்குரிய உத்திகளாகும். மின்னொலியுடன் சேரும்போது கருவிக்கு ஏற்படும் வாய்ப்பும் இடரும் இவ்வியல்பிலிருந்தே பிறக்கின்றன.

கலைஞரின் பின்புலம்

எஸ்ஃபஹானி 1984இல் தெஹ்ரானில் பிறந்தார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இசையியல் பயின்றார். பின்னர் பிராக் நகரில் சுசானா ரூஷிச்கோவாவிடம் பயிற்சி பெற்றார். ரூஷிச்கோவா (1927–2017) நாஜிகளின் அவுஷ்விட்ஸ், பெர்கன்-பெல்சன் முகாம்களிலிருந்து உயிர்பிழைத்தவர். பாஹின் விசைப்பலகைப் படைப்புகள் அனைத்தையும் ஹார்ப்சிகார்டில் ஒலிப்பதிவு செய்தவர். தம் காலத்துச் செக் இசையமைப்பாளர்களின் படைப்புகளையும் இசைத்தவர். மரபும் புதுமையும் ஒரே கலைஞரிடம் இயல்பாக இணையலாம் என்பதை மாணவர் தம் ஆசிரியரிடமே காண முடிந்தது. எஸ்ஃபஹானி 2011இல் பிபிசி ப்ராம்ஸ் இசைவிழாவில் ஹார்ப்சிகார்டு தனிக்கச்சேரி நிகழ்த்தினார்.

பரோக் இசையும் மீள்நிகழ்வும்

2015இல் வெளிவந்த ‘டைம் ப்ரெசண்ட் அண்ட் டைம் பாஸ்ட்’ என்னும் தொகுப்பில் அலெஸ்ஸாண்ட்ரோ ஸ்கார்லாட்டி, ஜெமினியானி, கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாஹ் ஆகியோரின் ‘ஃபோலியா’ படைப்புகளும், யொஹான் செபாஸ்டியன் பாஹின் டி மைனர் கன்செர்ட்டோவும் இடம்பெற்றன. அவற்றோடு போலந்தின் ஹென்ரிக் குரெட்ஸ்கி 1980இல் எழுதிய ஹார்ப்சிகார்டு கன்செர்ட்டோவும், அமெரிக்காவின் ஸ்டீவ் ரைக் 1967இல் எழுதிய ‘பியானோ ஃபேஸ்’ என்னும் படைப்பும் சேர்க்கப்பட்டன.

இத்தேர்வில் ஓர் இசையியல் வாதம் பொதிந்துள்ளது. ஃபோலியா ஐபீரியத் தீபகற்பத்தில் தோன்றிய நடன இசை. அதன் பிற்கால வடிவம் பதினாறு அளவுகள் கொண்ட கீழ்ச்சுர வரிசையை மீண்டும் மீண்டும் வரச்செய்து, அதன்மேல் புதுப்புது மாற்றங்களை அடுக்கிச் செல்வது. ரைக், குரெட்ஸ்கி ஆகியோரின் இசையும் சிறு அலகுகள் திரும்பத் திரும்ப வருவதால் வளர்வது. இரண்டரை நூற்றாண்டு இடைவெளி உள்ள இரு இசைகளும் மீள்நிகழ்வு என்னும் ஒரே கட்டுமான நெறியில் இணைகின்றன.

‘பியானோ ஃபேஸ்’ இரு பியானோக்களுக்காக எழுதப்பட்டது. அதன் முதற்பகுதியில் இருவரும் பன்னிரண்டு சுரங்கள் கொண்ட ஒரே வரிசையை ஒருமித்து இசைக்கத் தொடங்குவர். ஒருவர் காலப்பிரமாணத்தை மாற்றாமல் நிற்க, மற்றவர் சிறிது சிறிதாக விரைந்து ஒரு சுரம் முன்னே சென்று நிலைகொள்வார். இவ்வாறு படிப்படியாக விலகி, இறுதியில் இருவரும் மீண்டும் ஒன்றுசேர்வர். இவ்விலகலின் ஒவ்வொரு நிலையிலும் எவரும் தனியே இசைக்காத புதிய மெட்டுகள் செவியில் தோன்றும்.

இவ்வுத்தி மின்னணுக் கருவியிலிருந்து பிறந்தது என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது. 1965இல் ரைக் ஒரே பேச்சுப்பதிவை இரு ஒலிநாடாக் கருவிகளில் ஓடவிட்டபோது அவை மெல்ல ஒன்றைவிட்டு ஒன்று விலகின. அவ்விலகலையே அவர் பின்னர் மனிதர் இசைக்கும் முறையாக்கினார். எஸ்ஃபஹானி ஒரு பகுதியைத் தாமே முன்னர்ப் பதிவுசெய்து, அப்பதிவுக்கு எதிராக மற்றொரு பகுதியை அரங்கில் இசைக்கிறார். ஒலிநாடாவில் தோன்றி மனிதரிடம் வந்த உத்தி, இவ்வாறு மனிதரும் ஒலிப்பதிவும் இணைந்த வடிவத்தைப் பெறுகிறது. ஹார்ப்சிகார்டின் கூர்மையான தொடக்க ஒலியும் மாறாத ஒலியளவும் இவ்விலகலைத் தெளிவாகக் கேட்கச் செய்கின்றன.

மின்னொலியும் பண்பாடுகளும்

2020இல் வெளிவந்த ‘மியூசிக்?’ என்னும் தொகுப்பில் பரோக் படைப்பு ஒன்றும் இல்லை. ஜப்பானின் தோரு தகேமிட்சு, அமெரிக்காவின் ஹென்றி கவல், பிரிட்டனின் கவின் பிரையர்ஸ், ஃபின்லாந்தின் கையா சாரியாஹோ, ஈரானில் பிறந்த அனாஹிதா அப்பாசி, பிரான்சின் லூக் ஃபெராரி ஆகியோரின் படைப்புகள் அதில் உள்ளன. சாரியாஹோ, ஃபெராரி ஆகியோரின் படைப்புகள் ஒலிநாடாவுடனும், அப்பாசியின் படைப்பு மின்னொலியுடனும் அமைந்தவை. சாரியாஹோவின் படைப்பில் மனிதக் குரலும் ஹார்ப்சிகார்டு ஒலியும் உருமாறி ஒலிநாடாவில் வருகின்றன. எனவே கருவி தன் ஒலியின் மறுவடிவத்தோடேயே உரையாடுகிறது.

மின்னொலி, ஹார்ப்சிகார்டிடம் இல்லாத நீண்ட கார்வையையும் ஒலியளவின் ஏற்றத்தாழ்வையும் அதற்குத் தருகிறது. இது வாய்ப்பு. ஆனால் முன்பதிவு செய்த ஒலிநாடா கலைஞருக்காகக் காத்திருப்பதில்லை. காலத்தைத் தாமதித்தும் விரைத்தும் உணர்ச்சி காட்டும் பரோக் உரிமை அங்குக் குறுகுகிறது. இது இடர். நிலையான காலத்திற்குள்ளும் சுரங்களின் நீட்சி, இணைப்பு, தொடுமுறை ஆகியவற்றால் உயிர்ப்பை உண்டாக்குவதே கலைஞரின் பணியாகிறது. அப்பணிக்குத் தேவையான விரல் நுட்பம் பரோக் பயிற்சியிலிருந்தே வருகிறது.

கொலோன் நிகழ்ச்சி

2016 பிப்ரவரி 28 அன்று ஜெர்மனியின் கொலோன் ஃபில்ஹார்மோனி அரங்கில், கன்செர்ட்டோ கொலோன் குழுவுடனான நிகழ்ச்சியில் எஸ்ஃபஹானி ‘பியானோ ஃபேஸ்’ படைப்பை ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தார். ஜெர்மன் மொழியில் பேசுமாறு அவையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. இசை தொடங்கியபின் கைதட்டலும் சீழ்க்கையும் கூச்சலும் பெருகின. எதிர்ப்பாளரைக் கண்டித்தும் அவையில் சிலர் குரல்கொடுத்தனர். எஸ்ஃபஹானி இசையை இடையில் நிறுத்தி, கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாஹின் படைப்புக்குச் சென்றார்.

அவ்வெதிர்ப்பு அயலார்மீதான வெறுப்பா, புதிய இசைமீதான பொறுமையின்மையா என்பது ஊடகங்களில் விவாதிக்கப்பட்டது. இரண்டையும் முற்றிலும் பிரித்துக் காண்பது எளிதன்று. ஹார்ப்சிகார்டில் எதை இசைக்கலாம் என்பதும், அதைப் பற்றி யார் எம்மொழியில் பேசலாம் என்பதும் மரபின் உரிமையாளர் யார் என்னும் ஒரே வினாவைச் சார்ந்தவை. படைப்பு எழுதப்பட்டு அரை நூற்றாண்டு நெருங்கிய பின்னரும் அது அவையைப் பிளந்தது. எஸ்ஃபஹானி அடுத்த ஆண்டு அதே அரங்கில் அதே படைப்பை மீண்டும் இசைத்தார்.

முடிவுரை

எஸ்ஃபஹானியின் இசைப்பணியில் பரோக் இசையும் மின்னொலியும் இணைவது புறத்தோற்றத்திற்கான கலவையன்று. மீள்நிகழ்வு என்னும் கட்டுமானமும், மீட்டுந்தந்தியின் ஒலியியல்பும் அவற்றை உள்ளிருந்து இணைக்கின்றன. பண்பாட்டிடை என்பதும் இங்கு அயல்நாட்டு மெட்டுகளைச் சேர்ப்பதன்று. ஐரோப்பியக் கருவியொன்றைப் பல நாட்டு இசையமைப்பாளர்கள் தம் கருவியாக ஏற்று எழுதுவதும், தெஹ்ரானில் பிறந்த கலைஞர் அவற்றை ஐரோப்பிய அரங்குகளில் இசைப்பதுமாகும். பழங்கருவி ஒன்றை அதன் காலத்தோடு நிறுத்துவதா, அதற்குப் புதிய இசையை எழுதச் செய்வதா என்னும் வினாவுக்கு, இரண்டாம் வழியே முதல்வழியின் நுட்பங்களையும் உயிரோடு காக்கிறது என்னும் விடையை இவ்விசைப்பணி முன்வைக்கிறது.